கருவியைத் திருத்திய கைகள்

இருபத்தொரு நரம்புகளையுடைய பேரியாழ் ஒரு காலத்தில் தமிழர் இசையரங்குகளில் முதன்மை பெற்றிருந்தது. பின்னர் அது ஓசையின்றி மறைந்தது. நரம்பு ஒன்றுக்குச் சுரம் ஒன்றென அமைந்த அக்கருவியில் சுரத்தை வளைத்தும் அசைத்தும் இசைத்தல் எளிதன்று. கமகத்தில் ஈடுபட்ட செவிகள் மெட்டுக்கள் பொருந்திய வீணையை நாடவே, யாழ் வழக்கொழிந்தது என்பர் இசையறிஞர். செவியின் விருப்பம் வளர்ந்து, கருவி மட்டும் வளராது நின்றால் நேர்வது இதுவே.

மறைந்த அந்த யாழை மீட்டெடுக்க முனைந்தவர் காரைதீவிற் பிறந்த சுவாமி விபுலானந்தர். கொழும்புத் தொழில்நுட்பக் கல்லூரியில் விஞ்ஞானம் பயின்ற அவர், 1943இல் இலங்கைப் பல்கலைக்கழகத்தின் தமிழ்ப் பேராசிரியராகக் கொழும்புக்கு வந்தார். சிலப்பதிகாரத்திலும் அதன் உரைகளிலும் சிதறிக் கிடந்த குறிப்புக்களை அவர் புலவராக மட்டும் படித்தாரில்லை. நரம்பின் நீளத்துக்கும் அதன் அதிர்வுக்கும் உள்ள தொடர்பைக் கணிதத்தால் ஆராய்ந்தார். அந்த ஆராய்ச்சியின் பயனாகிய யாழ் நூல் 1947ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் திருக்கொள்ளம்பூதூரில் அரங்கேறியது. அவர் கணக்கின்படி அமைந்த யாழும் அங்கே ஒலித்தது. அடுத்த மாதம் 19ஆம் நாள் கொழும்பில் அவர் காலமானார். ஏட்டிலுள்ள இசையைக் கையாற் செய்து செவியாற் சோதிக்கவேண்டும் என்னும் துணிவை அவர் விட்டுச் சென்றார்.

யாழைப் போலன்றி, உரிய காலத்தில் திருத்தப்பட்டமையால் நிலைபெற்ற கருவிகளும் உள. முத்துசுவாமி தீட்சிதரின் இளவலாகிய பாலுசுவாமி தீட்சிதரும் தஞ்சை வடிவேலுவும் கைக்கொண்ட வயலின் ஐரோப்பியக் கருவியே. அதன் தந்திகள் சட்சமும் பஞ்சமமுமாகச் சுருதி சேர்க்கப்பட்டன. நின்று வாசித்த கருவி, தரையில் அமர்ந்தவரின் மார்புக்கும் பாதத்துக்கும் இடையே நிலைகொண்டது. அதன்பின் அதனை அந்நியக் கருவி என்று எவரும் ஒதுக்கவில்லை.

மண்டலினின் கதை நம் காலத்துக்கு அண்மையது. நான்கு இரட்டைத் தந்திகளையுடைய மண்டலினில் நாதம் மீட்டியவுடன் அடங்கிவிடும். இரட்டைத் தந்திகளை ஒருசேர இழுத்துக் கமகம் பிடிப்பதும் கடினம். இதிற் கருநாடக இசையா என்று ஐயுற்றோர் பலர். ஆந்திர நாட்டுப் பாலகொல்லில் 1969இற் பிறந்த சிறுவன் சீனிவாசன் தன் தந்தையின் மண்டலினை எடுத்தான். அவனுக்கு வாய்த்த குரு ருத்ரராஜு சுப்பராஜு மண்டலின் வாசிக்க அறியாதவர். செம்பை வைத்தியநாத பாகவதரிடம் பாட்டுப் பயின்றவர். அவர் பாடிக் காட்டினார். சிறுவன் குரலைக் கருவியிற் தேடினான். குரலின் நெளிவுகளுக்குக் கருவி இடந்தராத இடத்தில் கருவியே மாறவேண்டியதாயிற்று. மின்சார மண்டலினில் இரட்டைத் தந்திகள் நீங்கி, ஒற்றைத் தந்திகள் ஐந்து அமைந்தன. தந்தி வளைந்தது, நாதம் நீண்டது. 1978இல் ஒன்பது வயதில் குடிவாடாவில் மேடையேறிய அவர், 2014இல் மறையும்வரை அக்கருவியின் பெயராலேயே அழைக்கப்பட்டார்.

மின்சாரம் மண்டலினுக்கு நீண்ட நாதத்தைக் கொடுத்தது. மேல்நாட்டுக் கித்தார்க் கலைஞர் அதே மின்சாரத்திற் கரகரப்பைத் தேடினர். அமெரிக்காவின் நாஷ்வில் நகரில் ஒலிப்பதிவு ஒன்றின்போது கருவியொன்று பழுதுபட்டு, தந்தியோசை உடைந்து ஒலித்தது. 1961இல் அவ்வாறே வெளிவந்த பாடலை மக்கள் விரும்பினர். கிளென் ஸ்னாடி என்னும் பொறியியலாளர் அப்பழுதை டிரான்சிஸ்டர்களால் வேண்டுமென்றே உண்டாக்கும் சிறு பெட்டியை அமைத்தார். 1962இல் அது விற்பனைக்கு வந்தது. 1964இல் இலண்டனில் டேவ் டேவிஸ் என்னும் இளைஞர் தம் ஒலிபெருக்கியின் கடதாசிக் கூம்பைச் சவர அலகினாற் கீறி, அத்தகைய ஓசையைச் செலவின்றிப் பெற்றார். பிரயன் மே என்னும் மாணவர் 1963இல் தந்தையோடு சேர்ந்து, பழைய கணப்படுப்பின் மரத்தையும் மோட்டார் சைக்கிளின் சுருள்விற்களையும் கொண்டு கித்தார் ஒன்றைச் செய்யத் தொடங்கினார். கடையில் வாங்கப் பணம் போதாமையாற் பிறந்த அக்கருவியே பின்னர் உலக அரங்குகளில் ஒலித்தது.

திருத்தம் எல்லாம் வெற்றி பெறும் என்பதற்கில்லை. மரத்தைக் கெடுத்துச் சுருதியையும் இழந்தோர் எத்தனையோ பேர். அவர்தம் பெயரை வரலாறு குறித்து வைப்பதில்லை. ஆயினும், கெட்டுவிடும் என்ற அச்சத்தால் எவரும் தொடாதிருந்த கருவி அதனினும் விரைவில் மௌனமாகிவிடும் என்பதற்கு யாழே சான்று.

ஆதலின், வெள்ளவத்தையிற் காலி வீதிக்கும் கடலுக்கும் இடைப்பட்ட ஒழுங்கையொன்றிலோ, கொட்டாஞ்சேனையின் நெருக்கமான வீடொன்றிலோ, பழைய வானொலிப் பெட்டியைப் பிரித்து, பற்றாசு பிடித்து, தன் கித்தாருக்குப் புதிய குரல் தேடும் இளைஞன் ஒருவன் இருப்பானாயின், அவனைக் கடிந்துகொள்ளுமுன் வீட்டார் சற்றுச் செவிகொடுத்தல் நன்று. முதலில் எழுவது இரைச்சலாகவே இருக்கலாம். எது இரைச்சல், எது இசை என்பதைத் தீர்ப்பது செவி. அத்தீர்ப்புக்குரிய ஓசையைக் கொண்டுவந்து சேர்ப்பது அஞ்சாத கை.