ஆட்சி கவிழ்ந்தாலும் கம்பெனி ஓடுவது எப்படி? தாம்பரம் ஜிஎஸ்டி ரோட்டில் இருக்கும் பதில்!

தாம்பரம் சானடோரியம் ஸ்டேஷனில் காலையில் இறங்கும் கூட்டத்தில் நிறைய பேர் போறது 'மெப்ஸ்' பக்கம்தான். மத்திய வர்த்தக அமைச்சகத்தின் கீழ் இந்த ஏற்றுமதி மண்டலம் தொடங்கியது 1984-ல். அதுக்கப்புறம் டெல்லியில் பல பிரதமர்கள் மாறிவிட்டார்கள். தமிழ்நாட்டில் இரண்டு முறை குடியரசுத் தலைவர் ஆட்சி வந்தது. ஆனா மெப்ஸ் ஷிஃப்ட் மட்டும் தொடர்கிறது. எப்படி?

அரசியல் எவ்வளவு ஆட்டம் கண்டது?

1996 மே முதல் 1998 மார்ச் வரை, 2 ஆண்டுக்குள் 4 முறை பிரதமர் பதவியேற்பு நடந்தது. 1999 ஏப்ரலில் வாஜ்பாய் அரசு ஒரே ஒரு ஓட்டில் கவிழ்ந்தது. தமிழ்நாட்டிலும் 1996-ல் ஜெயலலிதா போய் கருணாநிதி வந்தார்.

அப்போ தொழில் நின்றுபோனதா?

இல்லை. ஜெயலலிதா ஆட்சியில் முடிவான ஃபோர்டு ஆலை, அடுத்த ஆட்சியிலும் மறைமலைநகரில் வளர்ந்தது. 1999-ல் அங்கிருந்து 'ஐகான்' கார் வந்தது. இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் 1998-லேயே உற்பத்தியைத் தொடங்கிவிட்டது.

தாங்கிப் பிடித்தது எது?

அமைச்சர்கள் மாறினாலும் அமைப்புகள் அப்படியே இருந்தன.

* டிட்கோ (1965): தனியாருடன் கூட்டாக முதலீடு செய்யும் மாநில நிறுவனம்.
* சிப்காட் (1971): தொழிற்பேட்டை அமைத்து, நிலம், ரோடு, தண்ணீர் தருவது.
* கைடன்ஸ் (1992): முதலீட்டாளர் முதலில் போய்ப் பேசும் இடம்.
* செபி: 1992-ல் சட்ட அதிகாரம் பெற்ற பங்குச்சந்தை கண்காணிப்பு அமைப்பு.

இன்னொரு முக்கியமான மாற்றம். கையில் பணம் தீர்ந்தால் மத்திய அரசு ரிசர்வ் வங்கியிடம் தானாகவே கடன் எடுக்கும் முறை ஒன்று இருந்தது. அது 1997 ஏப்ரல் 1-ல் முடிவுக்கு வந்தது. தேவகவுடா அரசுக்கான ஆதரவை காங்கிரஸ் வாபஸ் வாங்கி அப்போ 2 நாள்தான் ஆகியிருந்தது!

இது ஏன் முக்கியம்?

இலங்கையைப் பாருங்க. அங்கே அரசின் செலவுக்கு மத்திய வங்கியே பணம் கொடுத்து வந்தது. நெருக்கடி முற்றி, 2022 செப்டம்பரில் கொழும்பில் பணவீக்கம் 70 சதவீதத்தை நெருங்கியது. அந்த வழியை அடைக்க 2023-ல் புதிய மத்திய வங்கிச் சட்டம் கொண்டுவந்தார்கள். நாளைக்கு விலை என்னன்னு தெரியாத ஊரில் யாரும் புது மெஷின் வாங்க மாட்டாங்க.

நிலையான ஆட்சி இருந்தால் போதுமா?

போதாது. 2005 சிறப்புப் பொருளாதார மண்டலச் சட்டம், மெப்ஸ் போன்ற மண்டலங்களுக்கு வரிச்சலுகை தந்தது. 2011 பட்ஜெட்டில் அதே மண்டலங்கள் மீது குறைந்தபட்ச மாற்று வரி வந்தது. இரண்டு முறையும் பிரதமர் மன்மோகன் சிங்தான். ஆட்சி மாறவில்லை, விதி மாறியது. கணக்குப் போட்டு முதலீடு செய்தவர்களுக்கு அதுவும் அடிதான்.

சின்ன பட்டறைக்கு என்ன இருக்கு?

பெரிய கம்பெனிக்கு முதல்வரையே சந்திக்க வழி உண்டு. குரோம்பேட்டையில் லேத் பட்டறை வைத்திருப்பவருக்கு சட்டம் மட்டும்தான் துணை. 2006 எம்எஸ்எம்இ சட்டப்படி, பதிவு செய்த குறு, சிறு நிறுவனத்துக்கு 45 நாளுக்குள் பணம் வந்தாக வேண்டும். தாமதமானால், ரிசர்வ் வங்கி அறிவிக்கும் வங்கி விகிதத்தைப் போல 3 மடங்கு கூட்டு வட்டி. இணையதளம் வழியாகவே புகார் கொடுக்கலாம். மாநில ஃபெசிலிடேஷன் கவுன்சில் 90 நாளில் முடிவு சொல்ல வேண்டும் என்கிறது சட்டம்.

அந்த 90 நாள் கெடு காப்பாற்றப்பட்டால்தான் பட்டறைக்காரர் சனிக்கிழமை கூலி கொடுக்க முடியும். கோட்டையில் யார் உட்கார்ந்திருந்தாலும் அந்தக் கெடு மாறக்கூடாது. பொருளாதார அமைப்புகளை பலப்படுத்துவதுன்னா இதுதான்.