துவர்ப்பும் குலமும்: பாலாற்றுத் தோல் வட்டாரத்தில் ஆவாரையின் வரலாறு

பாலாற்றையும் அதன் துணை நீர்வழிகளையும் ஒட்டி வாலாஜாபேட்டை, ராணிப்பேட்டை, மேல்விஷாரம், வேலூர், பேர்ணாம்பட்டு, ஆம்பூர், வாணியம்பாடி என நீளும் தோல் பதனிடும் வட்டாரத்தில், தரிசு நிலமெங்கும் மஞ்சளாகப் பூக்கும் ஆவாரைச் செடி ஒரே காலத்தில் மூன்று வகைப்பாடுகளுக்குள் இடம்பெற்றிருந்தது. தோல் ஷாப்பு என்று ஊரார் அழைக்கும் பதனிடும் கூடத்தில் அது பட்டை தரும் சரக்கு. சித்த மருத்துவத்தில் துவர்ப்புச் சுவையுள்ள மூலிகை. உலர்தாவரச் சேகரங்களில் அவரைக் குடும்பத்தின் ஓர் இனம். இம்மூன்றும் ஒரே செடியைக் குறித்து மூன்று வேறு கேள்விகளை எழுப்பிப் பெற்ற விடைகள் என்பதை வட்டாரத்தின் தொழில் வரலாறு தெளிவாக்குகிறது.

தமிழில் உயிர்களைப் பகுத்து நோக்கும் மரபு பழையது. தொல்காப்பியத்தின் மரபியல், தொடுவுணர்வு மட்டும் உடைய ஓரறிவுயிர் தொடங்கி மனத்தோடு கூடிய ஆறறிவுயிர் வரை உயிர்களை வரிசைப்படுத்துவதோடு, தாவரங்களைப் புறத்தே வைரம் பாய்ந்த புல் என்றும் உள்ளே வைரம் பாய்ந்த மரம் என்றும் இரண்டாகப் பிரிக்கிறது. பனையும் தென்னையும் மூங்கிலும் முதல் பிரிவில் அடங்குவதால், தாவரவியலார் ஒருவித்திலை, இருவித்திலை என வகுக்கும் பிரிவுகளுக்கு இப்பகுப்பு பெரிதும் நெருங்கி வருகிறது. இது உடலமைப்பைப் பார்த்த பகுப்பு. மருத்துவ மரபோ வேரும் பட்டையும் காயும் உடலுக்குள் சென்று என்ன செய்யும் என்பதையே முதன்மையாகக் கருதியதால், அறுசுவையை அளவுகோலாகக் கொண்டு சரக்குகளை நிரல்படுத்தியது. ஆவாரை, கொன்றை, மருதம், கருவேலம், கடுக்காய் ஆகியவை அதில் துவர்ப்பு என்ற பண்பால் ஒன்றுசேர்ந்தன.

துவர்ப்பு நாவில் தோன்றும் விதமும் தோல் பதப்படும் விதமும் வேதியியல் நோக்கில் ஒன்றே. டானின் எனப்படும் துவர்ப்பிகள் புரதங்களோடு பிணையும் இயல்புடையவை; கடுக்காயை மெல்லும்போது அவை உமிழ்நீரிலுள்ள புரதங்களைப் பற்றிக்கொள்வதால் நாக்கு இழுத்துப் பிடித்தாற்போல் உலர்கிறது; பதனிடும் தொட்டியில் அதே துவர்ப்பிகள் கொலாஜன் எனப்படும் தோலின் நார்ப்புரதத்தைப் பற்றி, நுண்ணுயிர்கள் அரித்து அழுகச் செய்ய இயலாத பொருளாக அதை மாற்றிவிடுகின்றன. ஆகவே நாக்கை அளவுகோலாக்கிய மருத்துவ வகைப்பாடு, தோல் தொழிலுக்கும் வழிகாட்டக்கூடியதாக இருந்தது தற்செயலன்று.

சுண்ணாம்புக் குழியில் ஊறவைத்து, மயிர் நீக்கிச் சதை சுரண்டிய தோல்கள், ஆவாரம் பட்டையின் சாறு நிறைந்த தொட்டிகளில் நாள்கணக்கில் கிடந்து பதம் பெற்றன. ஆவாரம் பட்டையால் மட்டும் பதனிட்ட தோல் வெயிலும் வெளிச்சமும் பட்டால் செந்நிறம் ஏறிவிடும் என்பதால், முடிவில் அதைக் கடுக்காய்ச் சாற்றில் தோய்த்தெடுத்து நிறத்தை வெளிறச் செய்து நிலைநிறுத்தினர். துவர்ப்பிகளுள் செறிவுற்ற வகை, நீராற்பகுபடும் வகை என இரண்டு உண்டென்றும், ஆவாரை முதலாவதையும் கடுக்காய் இரண்டாவதையும் சேர்ந்தவை என்றும் வேதியியல் பின்னர் வகுத்தது. பதனிடுவோர் அவ்வேறுபாட்டைத் தோலின் நிறத்தைக் கொண்டே அறிந்து, இரு சரக்குகளுக்கும் வேறு வேறு பணிகளை ஒதுக்கியிருந்தனர். ஆவாரம் பட்டை தட்டுப்பாடான காலங்களில் கொன்றைப் பட்டை அதன் இடத்தை நிரப்பியது.

தோல்களைத் தரம் பிரிப்பதிலும் இத்தகைய கூர்மை தேவைப்பட்டது. வெள்ளாட்டுத் தோலின் மேற்பரப்பில் பெரிய மயிர்த்துளைகள் சிறு வரிசைகளாகவும் அவற்றையொட்டி நுண்துளைகள் நெருங்கியும் அமைந்திருக்கும். நார் இறுக்கமாகப் பின்னியிருப்பதால் அது உறுதிமிக்கது. செம்மறியின் தோலில் கம்பளி மயிர்க்கால்களும் கொழுப்பும் மிகுந்திருப்பதால் மேலடுக்கும் கீழடுக்கும் தளர்ந்து, எளிதில் பிரியக்கூடும். விலங்கியலார் இவ்விரு விலங்குகளையும் வெவ்வேறு பேரினங்களில் வைக்கின்றனர். தோல் மண்டியில் விரலால் தடவியே பிரித்துவிடும் தரகருக்கு அதே வேறுபாடு விலையின் வேறுபாடாக விளங்கியது.

நூல்முறைத் தாவரவியல் இப்பகுதியோடு தொடர்புகொண்டது 18-ஆம் நூற்றாண்டில். சுவீடன் நாட்டு லின்னேயஸ் 1753-இல் வெளியிட்ட பெருநூலில் ஆவாரைக்கு ‘காசியா ஆரிகுலேட்டா’ என்ற இருசொற்பெயர் வழங்கப்பட்டது. இலைக்காம்பின் அடியில் காதுமடல் போல விரிந்திருக்கும் இலையடிச் செதிலே அதன் அடையாளமாகக் கொள்ளப்பட்டது. லின்னேயஸிடம் பயின்ற யோகான் கெரார்டு கோனிக், தரங்கம்பாடி டேனிஷ் குடியேற்றத்துக்கு மருத்துவராக வந்து, 1770-களில் ஆற்காட்டு நவாபிடம் இயற்கையியலாளராகப் பணியேற்றார். 1778 முதல் கிழக்கிந்தியக் கம்பெனியின் பணியில் இருந்து 1785-இல் மறைந்தார். அவர் ஐரோப்பாவுக்கு அனுப்பிய தாவரங்கள் பலவற்றை ரெட்சியஸ் என்ற சுவீடன் அறிஞர் விவரித்து வெளியிட்டார். கடுக்காய் மரத்தின் அறிவியல் பெயரான ‘டெர்மினேலியா செபுலா’ என்பதும் ரெட்சியஸ் வழங்கியதே. கோனிக்கின் நட்பைப் பெற்ற வில்லியம் ராக்ஸ்பர்க் எழுதி, அவர் மறைவுக்குப்பின் 1832-இல் வெளிவந்த நூலில் ஆவாரை ‘சென்னா’ என்ற பேரினத்துக்கு மாற்றப்பட்டிருந்தது. அம்மாற்றம் நெடுங்காலம் ஏற்கப்படாமலேயே இருந்து, 1982-இல் இர்வின், பார்னபி என்ற இரு தாவரவியலார் பழைய ‘காசியா’வை மூன்றாகப் பிரித்தபின் உறுதிப்பட்டது. இதன் விளைவாக, பதனிடும் தொட்டியில் ஒன்றுக்கொன்று மாற்றாக நின்ற ஆவாரையும் கொன்றையும் தாவரவியலில் தனித்தனிப் பேரினங்களாயின.

தொழில் விரிவடைந்ததற்குப் போக்குவரத்தே பெருந்துணை. தென்னிந்தியாவின் முதல் இருப்புப்பாதை 1856-இல் ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடு வரை போடப்பட்டதும், இப்பகுதியின் தோல் சென்னைத் துறைமுகத்தை விரைந்து எட்டியது. பட்டையால் பாதி பதனிட்ட ‘ஈஸ்ட் இந்தியா கிப்’ என்னும் சிறிய மாட்டுத்தோலுக்கு முதல் உலகப் போரின்போது படைவீரர் காலணிகளுக்காகப் பெரும் தேவை எழுந்தது. ஆவாரை பயிரிடப்படாமல் தரிசில் தானாக வளர்வதால் வெட்டிச் சேர்த்த அளவே கிடைத்தது. தேவை பெருகப் பெருக அதன் விலையும் ஏறியது. அந்நிலையில் தென்னாப்பிரிக்காவிலிருந்து வந்த வாட்டில் பட்டை, ஆவாரையைப்போல் ஏறத்தாழ இருமடங்கு துவர்ப்பி கொண்டதாகையால், படிப்படியாக அதன் இடத்தைப் பிடித்தது. வாட்டிலின் பூர்வீகம் ஆஸ்திரேலியா. 2005-இல் வியன்னாவில் கூடிய தாவரவியல் பேரவை ‘அக்கேசியா’ என்ற பேரினப் பெயரை ஆஸ்திரேலிய இனங்களுக்கே உரிமையாக்கியதால், அப்பெயரிலேயே நெடுங்காலம் அறியப்பட்ட கருவேலம் ‘வச்செலியா’வாக மாறியது, வாட்டில் அக்கேசியாவாகவே நீடித்தது.

ஆல்பிரட் சாட்டர்டன் 1903-இல் சென்னை கலைத்தொழிற் பள்ளியில் தொடங்கிய குரோம் பதனிடும் சோதனைகளும், 1948-இல் நிறுவப்பட்ட மத்திய தோல் ஆராய்ச்சி நிலையத்தின் பணிகளும், 1970-களில் அரைப்பதத் தோல் ஏற்றுமதிக்கு வந்த கட்டுப்பாடுகளும் சேர்ந்து, தாவரப் பட்டையின் ஆதிக்கத்தை முடிவுக்குக் கொண்டுவந்தன. வாரக்கணக்கில் நடந்த வேலையை குரோமிய உப்பு ஓரிரு நாளில் முடித்தது. கழிவுநீரோ பாலாற்றுப் படுகையில் கலந்தது. வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் 1996 ஆகஸ்டு 28-ஆம் நாள் தீர்ப்பளித்த உச்ச நீதிமன்றம், தோல் வட்டாரத்தில் ஏறத்தாழ 35,000 ஹெக்டேர் வேளாண் நிலம் பகுதியாகவோ முழுமையாகவோ பயிருக்கு உதவாததாகிவிட்டது என்ற ஆய்வு முடிவை எடுத்துக்காட்டி, முன்னெச்சரிக்கைக் கோட்பாடும் மாசுபடுத்துவோரே ஈடுசெய்ய வேண்டும் என்ற கோட்பாடும் நாட்டின் சட்டத்தின் பகுதிகள் என அறிவித்தது.

தோல் தொழிலிலிருந்து விலகிய ஆவாரை, வீட்டு மருத்துவத்தில் தன் இடத்தை இழக்கவில்லை. பூத்த ஆவாரை இருக்கும் ஊரில் சாவுக்கு இடமில்லை என்ற பொருளில் வழங்கும் பழமொழி இன்றும் வழக்கில் உண்டு. பயற்றம் மாவோடு ஆவாரம்பூப் பொடியைக் கலந்து உடலில் தேய்த்துக் குளிப்பது ஆண்களுக்குரிய சனிக்கிழமை எண்ணெய்க் குளியலோடும் பெண்களுக்குரிய வெள்ளிக்கிழமை எண்ணெய்க் குளியலோடும் சேர்ந்துவந்த வழக்கம். இலங்கையில் ரணவரா என்ற பெயரில் அதன் பூ தேநீர்போல் அருந்தப்படுகிறது. நீரிழிவுக்குச் சித்த மருத்துவர் தரும் ஆவாரைக் குடிநீரில் ஆவாரையோடு கொன்றையும் நாவலும் மருதமும் சேர்கின்றன. தோல் தொட்டியில் ஒன்றாகப் பயன்பட்ட ஆவாரையும் கொன்றையும், தாவரக் குலம் கருதாமல் துவர்ப்பைக் கருதியே, குடிநீர்ப் பாத்திரத்திலும் ஒன்றுசேர்ந்துள்ளன.

எனினும் பயனைக் கொண்டு அமைந்த வகைப்பாடு மட்டும் போதுமானதன்று. குல உறவை மட்டும் கொண்டு அமைந்ததும் போதாது. ஆவாரைக்கு மிக நெருங்கிய உறவான நிலாவாரை, அதே ‘சென்னா’ பேரினத்தைச் சேர்ந்தது, பெயரிலும் ஒத்தது. ஆனால் அது உலகெங்கும் அறியப்பட்ட பேதி மருந்து. ஆவாரையோடு எவ்வகையிலும் உறவில்லாத கடுக்காயோ துவர்ப்பில் அதற்கு இணையானது. நாட்டு மருந்துக் கடையில் பெயரை மட்டும் சொல்லி வாங்கும் ஒருவர் ஒன்றுக்கு மற்றொன்றைப் பெற்றால் விளையும் கேட்டைத் தாவரவியல் பெயர் தடுக்கும். பட்டை தோலையும் உடலையும் என்ன செய்யும் என்பதைத் துவர்ப்பின் வழிவந்த அறிவே சொல்லும். குரோமியத்துக்கு மாற்றாகத் தாவரப் பதனிடலை மீட்க விரும்புவோருக்கும் மூலிகையை மருந்தாகப் பரிந்துரைப்போருக்கும் இவ்விரண்டு கணக்குகளும் ஒருங்கே தேவை என்பதே, ஆவாரையின் தொழில் வரலாறு நிறுவும் முடிவு.