நெஞ்சில் மாட்டிய பேட்ஜும் மணவாளக்குறிச்சி மணலும்

2015-ஆம் வருஷம் மாசி மாதம் வெள்ளகவிக்குப் போயிருந்தேன். அம்மா பிறந்த ஊர். அப்போது ரோடு கிடையாது. மேலே வட்டக்கானலிலிருந்து இறங்க வேண்டும், இல்லையென்றால் கும்பக்கரையிலிருந்து ஏற வேண்டும். நான் இறங்கும் வழியைத் தேர்ந்தெடுத்தேன். ஏறுவதைவிட இறங்குவதுதான் முழங்காலுக்குக் கேடு என்பது முப்பத்தாறு வருஷம் முழங்கால்களைப் படம் பிடித்த எனக்கு அன்று மறந்துபோனது. ஊர் எல்லையில் வழக்கப்படி செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு, மாமா வீட்டுத் திண்ணையில் போய் உட்கார்ந்தேன்.

மாமா காப்பித் தம்ளரைக் கொடுத்துவிட்டு ஒரு பீடியைப் பற்றவைத்தார்.

"ஏன் மாப்ள, போடிக்கு அங்கிட்டுப் பொட்டிப்புரத்துல மலையைக் குடையப் போறாகளாமே. கதிர் வருமாமே. அது நம்ம மலைக்கும் வந்துருமா? நீதான் கதிருக்குள்ளயே கிடந்தவன், சொல்லு."

அந்த ஜனவரியில்தான் நியூட்ரினோ ஆய்வுக்கூடத்துக்கு மத்திய அமைச்சரவை ஒப்புதல் கொடுத்திருந்தது. தேனி மாவட்டம் முழுக்க அதே பேச்சு. "நியூட்ரினோவை அங்கே யாரும் உண்டாக்கப் போவதில்லை மாமா. வானத்திலிருந்து வருகிறதைப் பிடித்துப் பார்க்கப் போகிறார்கள். அது இப்போதுகூட உங்களையும் என்னையும் இந்தத் திண்ணையையும் துளைத்துக்கொண்டுதான் போகிறது" என்றேன். தண்ணீர், வெடி, காடு பற்றிய கேள்விகள் வேறு. அவற்றுக்கு நான் பதில் சொல்ல முடியாது. ஆனால் கதிர் என்று கேட்டால், அது இந்த மலைக்குப் புதிதாக வர வேண்டியதில்லை. பாறையிலும் உண்டு, ஆகாயத்திலும் உண்டு. கோடைக்கானல் உயரத்தில் வானிலிருந்து விழும் காஸ்மிக் கதிர், கடற்கரையில் விழுவதைப்போல ஏறத்தாழ இரண்டு மடங்கு. அதை அளப்பதற்கென்றே ஒரு காலத்தில் கோடைக்கானலில் கருவி வைத்திருந்தார்கள்.

மாமா நம்பினாரா என்று தெரியவில்லை. பரணைக் காட்டி, "நம்ம கோயில் கும்பிடுக்கு ஏத்துற பெட்ரோமாக்ஸ் லைட்டு இன்னும் கிடக்கு பாரு" என்று பேச்சை மாற்றினார். அவருக்குத் தெரியாமலே அவர் பேச்சு மாறவில்லை. நான் அன்று சொல்லாமல் விட்டதை இங்கே எழுதுகிறேன்.

பெட்ரோமாக்ஸில் கட்டுகிற மாண்டில் இருக்கிறதே, சின்ன வலைப்பை, அதன் வெள்ளை வெளிச்சத்துக்குக் காரணம் தோரியம். தோரியம் கதிரியக்கம் உள்ள பொருள். அது நம் தென்கோடிக் கடற்கரையின் மோனசைட் மணலில் இருக்கிறது. திருவிதாங்கூரிலிருந்து ஐரோப்பாவுக்குப் போன கயிற்றில் ஒட்டியிருந்த மணலை 1909-இல் ஷோம்பெர்க் என்ற ஜெர்மானியர் சோதித்துப் பார்த்தார். கேஸ் விளக்குகளுக்கு மாண்டில் செய்யத் தோரியத்துக்கு அலைந்துகொண்டிருந்த காலம். மணலைத் தேடி வந்து மணவாளக்குறிச்சியில் ஆலை வைத்தார்கள். மண்டைக்காட்டு அம்மன் கோயிலுக்குப் பக்கத்து ஊர்தான். சுதந்திரத்துக்குப் பிறகு 1950-இல் இந்திய அரிய மணல் நிறுவனம் தொடங்கப்பட்டது. மாமா திருவிழாதோறும் சாம்பலை ஊதிவிட்டுப் புது மாண்டில் கட்டிய கையில் தோரியமும் கொஞ்சம் ஒட்டியிருக்கும்.

அந்த மணல்மேல் தலைமுறை தலைமுறையாக மீனவர்கள் குடியிருக்கிறார்கள். உலகத்தில் சராசரியாக ஒரு மனிதனுக்கு இயற்கையாக வருஷத்துக்கு 2.4 மில்லிசீவர்ட் கதிர் கிடைக்கிறது என்று கணக்கு. கொல்லம் பக்கத்துக் கரையில் சில இடங்களில் அது 45 வரைகூடப் போகிறது. அப்படியானால் அந்த மக்களுக்கு என்ன ஆயிற்று? இந்தக் கேள்வியை உலகம் கேட்கத் தொடங்கியதற்குக் காரணம் மணல் அல்ல, குண்டு.

1954 மார்ச் 1-ஆம் தேதி பிகினித் தீவில் அமெரிக்கா ஹைட்ரஜன் குண்டு வெடித்தது. தூரத்தில் மீன் பிடித்துக்கொண்டிருந்த ஒரு ஜப்பானியப் படகின்மேல் சாம்பல் மழையாய்க் கொட்டியது. படகில் 23 பேர். செப்டம்பரில் அதன் ரேடியோ ஆபரேட்டர் இறந்தார். குண்டு வெடித்து ஏறத்தாழ ஒரு மாதத்தில், ஏப்ரல் 2-இல், இந்தச் சோதனைகளை நிறுத்துங்கள் என்று நேரு மக்களவையில் பேசினார். பேசியதோடு விடவில்லை. டி.எஸ். கோத்தாரியிடம் சொல்லி அணு வெடிப்புகளின் விளைவுகளைப் பற்றி ஒரு புத்தகமே எழுத வைத்தார். 1956-இல் அரசாங்கமே அதை வெளியிட்டது. 1955-இல் ஐ.நா. சபை கதிர்வீச்சின் விளைவுகளை ஆராய ஓர் அறிவியல் குழுவை அமைத்தபோது முதல் 15 உறுப்பு நாடுகளில் இந்தியாவும் ஒன்று. 1959-இல் உலக சுகாதார நிறுவனத்தின் நிபுணர் குழு, இயற்கையாகவே கதிர் அதிகமுள்ள இடங்களில் குடியிருக்கும் மக்களை ஆராய வேண்டும் என்று எழுதியது. நம் கடற்கரை அந்தக் கண்ணில் பட்டது.

முதலில் எலியைத்தான் பார்த்தார்கள். லண்டனிலிருந்து குரூனெபெர்க் என்ற மரபியல் பேராசிரியரின் குழு வந்து கேரளக் கரையில் எலிகளைப் பிடித்து, எலும்புகளைச் சுத்தம் செய்து, கதிர் அதிகமுள்ள மணலில் வாழ்ந்த எலிக்கும் மற்ற இடத்து எலிக்கும் வித்தியாசம் தேடியது. 1966-இல் அறிக்கை வந்தது. கதிரால் விளைந்தது என்று சொல்லும்படி ஒன்றும் இல்லை. எலும்பைப் பார்த்துப் பிழைத்தவன் என்பதால் இந்த ஆய்வின்மேல் எனக்குத் தனிப் பிரியம்.

பிறகு பாபா அணு ஆராய்ச்சி மையத்துக்காரர்கள் வீடு வீடாகக் கதிரை அளந்தார்கள். சில பேர் உடம்பிலேயே அளவியை மாட்டிவிட்டார்கள். எனக்கு ஆஸ்பத்திரியில் மாட்டிய அதே மாதிரிச் சமாச்சாரம்தான்.

1976-இல் பெரிய சண்டை. டெல்லி எய்ம்ஸ் மருத்துவர் கொச்சுப்பிள்ளையும் கூட்டாளிகளும், மணல் பகுதியில் டவுன் சிண்ட்ரோம் குழந்தைகள் கூடுதலாக இருப்பதாக 'நேச்சர்' இதழில் எழுதினார்கள். ஒப்பிட எடுத்துக்கொண்ட ஊர்களில் அப்படி ஒரு குழந்தைகூட இல்லை என்றார்கள். ஒன்றுகூட இல்லாதது எப்படி, அந்தக் கணக்கில்தான் கோளாறு என்று அணுசக்தித் துறை பக்கத்து விஞ்ஞானிகள் மறுத்தார்கள். தாயின் வயதைச் சரியாகப் பார்க்கவில்லை என்றும் வாதம். இரண்டு பக்கமும் படித்தவர்கள், இரண்டு பக்கமும் நம்மவர்கள். ஆனால் ஒரு பக்கம், அணு உலை நடத்துகிற வீட்டைச் சேர்ந்தவர்கள். அவர்கள் சொன்னது சரியாகவே இருந்தாலும் கேட்கிறவன் காதில் அது பாதிதான் ஏறும்.

அந்த மறுப்பைப் பேச்சோடு விடாமல், 1995-லிருந்து கொல்லம் பக்கத்து ஆஸ்பத்திரிகளில் பிறந்த குழந்தைகளை அவர்கள் ஒவ்வொன்றாகப் பரிசோதித்துப் பதிந்தார்கள். ஒரு லட்சத்து நாற்பதாயிரத்துக்கு மேல் பதிந்து, பிறவிக் குறைகள் கதிரோடு சேர்ந்து கூடவில்லை என்று எழுதினார்கள். இன்னொரு பக்கம் திருவனந்தபுரம் வட்டாரப் புற்றுநோய் மையம், ஜப்பானிய ஆய்வாளர்களோடு கூட்டுச் சேர்ந்து கருநாகப்பள்ளி தாலுகாவை எடுத்துக்கொண்டது. 1990-லிருந்து அங்கே புற்றுநோய்ப் பதிவேடு வைத்து, வீட்டுக்குள்ளும் வெளியிலும் கதிரை அளந்து, சுமார் 70,000 பேரைச் சராசரியாகப் பத்தரை வருஷம் பின்தொடர்ந்தார்கள். 2009-இல் முடிவு. 1,379 புற்றுநோய்கள். கதிர் கூடக் கூடப் புற்றுநோய் கூடியது என்பதற்கு ஆதாரம் இல்லை. அதே மக்களிடம் வெற்றிலையோடு போடும் புகையிலையும் பீடியும் செய்த வேலை மட்டும் பளிச்சென்று தெரிந்தது. அடுத்த முறை போனபோது மாமாவிடம் இதைத்தான் முதலில் சொன்னேன். "பீடிக்காரன் மேல எல்லாருக்கும் ஒரு கண்ணு" என்றார்.

நம் குமரிப் பக்கத்து மணலில் இருப்பவர்களை இப்படி நீண்ட காலம் பின்தொடர்ந்த ஆய்வு எதுவும் என் கண்ணில் பட்டதில்லை. மணல் அதே மணல்தான்.

இனி என் கதை. 1972-இல் ரேடியோகிராபராகச் சேர்ந்தேன். சேர்ந்த அன்று சட்டையில் மாட்டிக்கொள்ள ஒரு ஃபிலிம் பேட்ஜ் கொடுத்தார்கள். சில வருஷத்தில் அதற்குப் பதில் டி.எல்.டி. பேட்ஜ் வந்தது. உள்ளே சின்னச் சின்ன வில்லைகள். கதிர் பட்டதை அவை வாங்கி வைத்துக்கொள்ளும், சூடாக்கினால் ஒளியாக விடும். அந்த ஒளியை அளந்தால் டோஸ். மூன்று மாதத்துக்கு ஒருமுறை பார்சல் கட்டி பம்பாய்க்கு அனுப்புவோம். எண் திரும்பி வரும். பெரும்பாலும் பூஜ்யத்துக்குப் பக்கத்தில்தான் இருக்கும். அதைப் பார்த்து வீட்டில் அவளுக்கும் நிம்மதி.

1986-இல் ஒரு தடவை 1,400 மில்லிரெம் என்று வந்தது. அப்போது வருஷம் முழுவதற்குமான வரம்பே 5,000. எப்படி இவ்வளவு ஏறியது என்று விளக்கம் கேட்டு ஒரு படிவமும் கூடவே வந்தது. எனக்கு எப்படி ஏறியது என்று தெரியும். எலும்பு முறிவை நேராக்கும்போது மெஷினை நிறுத்தாமல் திரையில் பார்த்துக்கொண்டே வேலை செய்வார்கள். அழுகிற குழந்தையின் கையை நான் பிடித்துக்கொள்வேன். ஈய அங்கி மடிப்பில் விரிந்துபோய், எழுதி எழுதிக் கேட்டும் புதிது வரவில்லை. எந்த ஆஸ்பத்திரி என்று சொல்லப் போவதில்லை. எனக்கு மேலிருந்தவர் கூப்பிட்டு, "பேட்ஜைக் கழற்றி எக்ஸ்ரே ரூமிலேயே கோட்டோடு மாட்டிவிட்டுப் போய்விட்டதாக எழுதிக் கொடுங்கள். இல்லையென்றால் விசாரணை, அது இது என்று உங்களுக்கும் தொல்லை" என்றார். பெரிய பெண் அப்போதுதான் பள்ளிக்கூடம் சேர்ந்திருந்தாள். எழுதிக் கொடுத்தேன். அந்த டோஸ் ஆள்மேல் பட்டதல்ல, பேட்ஜ்மேல் மட்டும் பட்டது என்று ஏற்றுக்கொண்டு கணக்கிலிருந்து எடுத்துவிட்டார்கள். அங்கி மட்டும் வரவே இல்லை.

வெகு நாள் அதை ஒரு சின்னப் பொய்யாகத்தான் வைத்திருந்தேன். ஓய்வு பெற்ற பிறகு, மகன் வாங்கிக் கொடுத்த கம்ப்யூட்டரில் இதையெல்லாம் படிக்க ஆரம்பித்தபோதுதான் உறைத்தது. கொஞ்சம் கொஞ்சமாகக் கதிர் பட்டால் என்ன ஆகும் என்று தெரிந்துகொள்ள உலகத்தில் இரண்டே பெரிய வழிகள். ஒன்று, கருநாகப்பள்ளி மாதிரி ஊர்கள். இன்னொன்று, எங்களைப்போன்று பேட்ஜ் மாட்டியவர்களின் கணக்குப் புத்தகங்கள். 15 நாடுகள் சேர்ந்து நான்கு லட்சத்துக்கு மேற்பட்ட அணுத்துறைத் தொழிலாளர்களின் டோஸ் கணக்கைத் தொகுத்து 2005-இல் ஓர் ஆய்வு வெளியிட்டன. புற்றுநோய் சற்றுக் கூடுகிறது என்றது. அந்தக் கூடுதலில் கனடாவின் பங்கு மட்டும் தனியாகத் துருத்திக்கொண்டு நின்றது. பிறகு தோண்டிப் பார்த்தால், அங்கே பழைய தொழிலாளர்கள் சிலருடைய டோஸ் கணக்கு முழுதாக இல்லை. வாங்கிய டோஸ் தாளில் ஏறவில்லை. அதனால் குறைந்த கதிருக்கே நிறையப் பேர் செத்த மாதிரித் தெரிந்தது.

அதற்குப் பிறகு பிரான்ஸ், இங்கிலாந்து, அமெரிக்கா மூன்றும் சேர்ந்து மூன்று லட்சத்துக்கு மேற்பட்டவர்களை மறுபடி கணக்கெடுத்து, 2015-இல், ஆம், சிறிய அளவில் கூடத்தான் செய்கிறது என்றன. கருநாகப்பள்ளி இல்லை என்கிறது, அவர்கள் உண்டு என்கிறார்கள். வழக்கு இன்னும் தீரவில்லை. தீர்க்க இருப்பது அந்த எண்கள் மட்டுமே. என் கணக்கு எந்த ஆய்விலும் சேரவில்லைதான். ஆனால் என்னைப்போல் எத்தனை பேர் எத்தனை நாட்டில் கோட்டை ஆணியில் மாட்டிவிட்டார்களோ.

மேலே இருந்தவர்களும் யோக்கியமாக இருந்ததாகச் சொல்ல முடியாது. அணுசக்தி ஒழுங்குமுறை வாரியம் 1983 நவம்பர் 15-இல் அமைந்தது. ஆனால் அப்போது அது அணுசக்தி ஆணையத்துக்குக் கீழே இருந்தது. ஆணையத்தின் தலைவர்தான் அணுசக்தித் துறையின் செயலரும். மேற்பார்வை பார்க்கிறவன் முதலாளிக்கே பதில் சொல்ல வேண்டியிருந்தது. 2012-இல் தலைமைத் தணிக்கையாளர் அறிக்கை இதைச் சொல்லி, கூடவே இன்னொன்றையும் சொன்னது. நாட்டில் மருத்துவ எக்ஸ்ரே நிலையங்கள் 57,443. அவற்றில் வாரியத்தில் பதிவானவை 5,270. அதைப் படித்த அன்று எனக்குச் சிரிப்பும் வந்தது, வயிற்றையும் கலக்கியது. வாரியத்தைத் தனி அமைப்பாக்க 2011-இல் நாடாளுமன்றத்தில் வைத்த மசோதா, 2014-இல் மக்களவையோடு சேர்ந்து காலாவதியானது.

அந்த இடைப்பட்ட வருஷங்களில்தான் இடிந்தகரை. ஃபுகுஷிமாவுக்குப் பிறகு, கூடங்குளத்து ஜனங்கள் கடலோரத்தில் உட்கார்ந்து கேள்வி கேட்டார்கள். நிபுணர்கள் பாதுகாப்பு என்றார்கள். உச்ச நீதிமன்றம் 2013 மே 6-இல், உலையை அனுமதித்துப் 15 நிபந்தனைகளும் விதித்தது. என் கூட்டாளிகள் பலர், "படிக்காத சனம், சொன்னால் புரியாது" என்றார்கள். நான் வாயைத் திறக்கவில்லை. நான் படித்தவன், பேட்ஜ் மாட்டியவன், படிவத்தில் என்ன எழுதினேன் என்று எனக்குத்தானே தெரியும்.

போன தடவை வெள்ளகவியில் மாமாவிடம் இந்த 1,400 கதையைச் சொன்னேன். கேட்டுவிட்டு, "அப்ப அந்தக் கணக்க இப்பத் திருத்த முடியாதா?" என்றார். முடியாது என்றேன். அத்தை உள்ளே இருந்து, பரணில் உள்ள பழைய மாண்டில் பாக்கெட்டுகளைத் தூக்கிப் போட்டுவிடவா என்று கேட்டாள். கிடக்கட்டும், கிழிந்ததை மட்டும் ஊதாமல் காகிதத்தில் மடித்து வையுங்கள், கையைக் கழுவுங்கள் என்று சொல்லிவிட்டுச் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு கிளம்பினேன்.