நீர்ப் பங்கும் நீதியும்

நீரை முறைவைத்துப் பங்கிட்டு வாழ்ந்தவர் நம் முன்னோர். முதற் பராந்தக சோழன் காலத்து உத்தரமேரூர்க் கல்வெட்டுகள் (கி.பி. 919, 921) ஏரியைக் காப்பதற்கென்றே 'ஏரி வாரியம்' ஒன்று இயங்கியதை எடுத்துரைக்கின்றன. அதன் உறுப்பினர் குடவோலையால் தேர்ந்தெடுக்கப்பட்டனர். கணக்குக் காட்டாதவர்க்கு மீண்டும் அப்பொறுப்பு இல்லை. பிற்காலத்தும் நீர்க்கட்டி என்பார் மடை திறந்து, வயலுக்கு வயல் முறை தவறாது நீர் பாய்ச்சினார்.

இவை நாம் பெருமை கொள்ளத் தக்கனவே. ஆயினும், அவ்வாரியத்தில் அமர நிலமும் சொந்த மனையும் கல்வியும் வேண்டும் என்று அதே கல்வெட்டு விதிக்கின்றது. முறை இருந்தது, அம்முறைக்குள் நிலமற்றவர்க்கு இடமில்லை. பின்னாளில் ஊர்க்கிணற்றில் நீர் மொள்ளும் உரிமையும் சாதியின் பெயரால் பலருக்கு மறுக்கப்பட்டது. நெல்லைச் சீமையினின்று தாராவியின் தோல் பதனிடும் தொழிலுக்கு வந்த நம்மவருள் பலர் அத்தகைய ஊர்களை விட்டு வந்தோரே.

வந்த இடத்தில் நிலை யாது? பம்பாய்க்குக் குழாய்நீர் தந்த விகார் ஏரி 1860இல் முற்றுப்பெற்றது. அதன் மிகைநீர் மித்தி ஆறாகித் தாராவியின் ஓரமாகச் சென்றே மாகிம் கழியில் கலக்கின்றது. ஏரியின் நன்னீரோ குழாய் வழியே நகருக்குச் சென்றது. 1898இல் தோன்றிய நகர மேம்பாட்டு அமைப்பு வகுத்த மாதுங்கா மனைகளுக்குச் சாலையும் சாக்கடையும் குழாயும் திட்டத்தோடு வந்தன. தாராவிக் குடிசைகளுக்கு நெடுங்காலம் பொதுக்குழாய் வரிசையே வாய்த்தது. இருப்புப் பாதையின் இருபுறமும் தமிழ் ஒலித்தது. தண்ணீர் ஒரே அளவில் வரவில்லை.

பொதுநீர் எவருக்கு உரியது என்னும் வினாவை இம்மராட்டிய மண்ணிலேயே எழுப்பியவர் அண்ணல் அம்பேத்கர். 1927 மார்ச் 20ஆம் நாள் மகாட் நகரின் சவதார் குளத்தில் அவர் நீர் அருந்தினார். பத்தாண்டுக்குப் பின், 1937இல், பம்பாய் உயர்நீதிமன்றம் அவ்வுரிமையை உறுதி செய்தது.

சாதி நின்ற இடத்தில் பின்னர்ச் சான்றுத்தாள் நின்றது. 1995 சனவரி முதல் நாளுக்குப் பின் எழுந்த குடிசைகளுக்கு மாநகராட்சி நீர் மறுத்தது. 2014 டிசம்பர் 15ஆம் நாள் அதே நீதிமன்றம், அரசியலமைப்பின் 21ஆம் பிரிவு தரும் வாழ்வுரிமையுள் குடிநீரும் அடங்கும் எனத் தீர்ப்பளித்து, அக்குடிசைகளுக்கும் நீர் வழங்க வகைசெய்யுமாறு பணித்தது.

வினா இன்னும் முடியவில்லை. தான்சா, பாட்சா நீர்த்தேக்கங்கள் அமைந்த ஷஹாப்பூர் வட்டத்துச் சிற்றூர்கள் பல கோடைதோறும் தண்ணீர் லாரியை எதிர்நோக்கி நிற்கின்றன. அங்கிருந்து வரும் நீரையே செம்பூரிலும் மாதுங்காவிலும் தாராவியிலும் நாம் பருகுகின்றோம். பங்கிடும் முறை செம்மையாயிருத்தல் மட்டும் அறமாகாது. பங்காளி எனக் கணக்கில் கொள்ளப்படாதவர் யாவர் எனக் கேட்பதும் அறமே. கிணற்றடியில் விலக்கப்பட்டோரின் வழிவந்தோரும் நம்முள் உளர். அக்கேள்வியை நாம் மறத்தல் தகாது.