கல்தூசியும் பஞ்சசீலமும்

எங்க தாத்தா கோலார் தங்கவயல்ல முப்பது வருசம் பாறை துளைச்சவரு. வட ஆற்காட்டுச் சேரிகளிலிருந்து பஞ்சம் பிழைக்கப் போன சனங்களில் ஒருத்தர். கடைசிக் காலத்தில் நாலு அடி நடந்தாலே மூச்சு வாங்கும். 'கல்தூசி உள்ள போய் உக்காந்துகிச்சுடா' என்பார். ஆனாலும் ஞாயித்துக்கிழமை ஆனா வெள்ளை வேட்டியைக் கட்டிக்கிட்டு பௌத்த சங்கத்துக்குக் கிளம்பிடுவார். 'இந்த இருமலோட அங்க போயி என்னத்தக் கண்ட?' என்று ஆயா கேட்கும். 'அங்க போனாதான் நானும் மனுசன்னு தெரியுது' என்பார்.

இதை வெறும் பக்தி என்றே பல காலம் நினைத்திருந்தேன். நம்ம வரலாற்றைப் படிக்கப் படிக்கத்தான் இது மருத்துவமும்கூட என்று விளங்கியது.

உடல்நலத்தில் ஆன்மிகத்துக்கு என்ன பங்கு என்று இன்று நிறையப் பேசுகிறார்கள். நோயில்லாமல் இருப்பது மட்டும் நலமல்ல, உடல், மனம், சமூகம் மூன்றும் செம்மையாக இருப்பதே நலம் என்று 1946இல் உலக சுகாதார நிறுவனத்தின் சாசனம் சொன்னது. 1984இல் அதன் பேரவை ஆன்மிகப் பரிமாணத்தையும் சேர்த்துப் பார்க்கச் சொன்னது. இந்தக் கேள்வியை அதற்கு வெகு முன்பே எதிர்கொண்டவர் நம்மிடையே இருந்தார்.

அயோத்திதாசப் பண்டிதர் (1845–1914) ஒரு சித்த வைத்தியர். நாடி பிடித்துப் பார்த்த அந்தக் கை 1898இல் சாக்கிய பௌத்த சங்கத்தைக் கட்டியது. 1907இல் 'ஒரு பைசாத் தமிழன்' இதழைத் தொடங்கியது. வைத்தியர் ஏன் சங்கம் கட்டப் போனார்? 'நீ பிறப்பிலேயே அசுத்தம்' என்று நாள்தோறும் கேட்டு வளர்கிற உடம்புக்கு லேகியம் மட்டும் போதாது என்பதுதான் நான் கண்ட பதில். ஊர்க் கிணற்றை மறித்தது சாதி. படிப்பை மறித்தது சாதி. நோய்க்கு வேரே அங்கேதான் இருந்தது.

சங்கத்தின் கிளைகள் கோலார் தங்கவயல், பெங்களூர், திருப்பத்தூர், ரங்கூன் என்று நம் சனங்கள் கூலிக்குப் போன இடமெல்லாம் முளைத்தன. கொல்லாமை, களவாமை, பிறன்மனை நாடாமை, பொய்யாமை, கள்ளுண்ணாமை என்ற ஐந்தையும் ஏற்ற பிறகு எங்க தாத்தா சாராயத்தைத் தொடவில்லை. சம்பளம் வீட்டுக்கு வந்தது; எங்கப்பன் பள்ளிக்கூடம் போனான். உட்காரப் பாய், படிக்கப் பத்திரிகை, பேர் சொல்லி மரியாதையாகக் கூப்பிட நாலு பேர் என எல்லாம் அங்கே இருந்தது. பௌத்தம் நிலையான ஆன்மா என்று ஒன்றை ஏற்பதில்லை. எனவே நம்ம ஆன்மிகம் ஆன்மாவைத் தேடிக் கண்ணை மூடுவதல்ல. நிமிர்ந்து நிற்பதும் சேர்ந்து நிற்பதும்தான். 1956 அக்டோபர் 14 அன்று நாகபுரியில் லட்சக்கணக்கான மக்களோடு பாபாசாகேப் அம்பேத்கர் தம்மம் தழுவியதும் இந்த நிமிர்வுக்காகத்தான்.

ஆனால் ஒன்றை மறைக்கக் கூடாது. சங்கம் தாத்தாவின் நுரையீரலைக் காப்பாற்றவில்லை. சிலிகோசிஸ் என்ற கல்தூசி நோய்க்கு இன்றுவரை தீர்க்கும் மருந்து இல்லை. தூசி பறக்காமல் நீர் தெளித்துத் துளைப்பதும், நல்ல காற்றோட்டமும், நியாயமான நட்டஈடுமே வழி. அதெல்லாம் கம்பெனியின் கடமை; பஞ்சசீலத்தின் வேலை அல்ல. 2001இல் சுரங்கத்தை மூடினார்கள். நெஞ்சுக்குள் போன தூசியை யாரும் மூட முடியவில்லை.

இதை ஏன் இப்போது சொல்கிறேன்? மனிதக் கழிவை மனிதன் அள்ளுவதைத் தடுக்க 1993இலும் 2013இலும் சட்டம் போட்ட பிறகும் நம் பிள்ளைகள் சாக்கடைக் குழிக்குள் விஷவாயுவில் சாகிறார்கள். மிச்சமிருப்பவர்களிடம் 'மனசை அமைதியா வச்சுக்கோ, தியானம் பண்ணு' என்று சொல்லவும் ஆளிருக்கிறது. மனசு அமைதியாவது நல்லதுதான் தோழரே. ஆனால் குழிக்குள் இறக்குகிறவனைப் பார்த்தும் அமைதியாக இருக்கச் சொல்கிற ஆன்மிகம் நலமல்ல, மயக்க மருந்து.

தாத்தாவின் ஆன்மிகம் அவரை அமைதிப்படுத்தவில்லை. மூச்சு வாங்க வாங்க ஒவ்வொரு ஞாயிறும் வீட்டை விட்டு வெளியே நடக்க வைத்தது.