புழுங்கலரிசி தந்த பாடம்: நெகிரி செம்பிலானும் பெரிபெரி நோயும்

உலக நலவாழ்வு இன்று பல்கலைக்கழகங்களில் முதலாண்டு மாணவர்க்கே கற்பிக்கப்படும் ஒரு துறை. ஒரு நோய் ஏன் ஒரு மக்கட் கூட்டத்தைத் தாக்கி, அருகிலேயே வாழும் மற்றொரு கூட்டத்தை விட்டுவிடுகிறது என்பது அத்துறையின் அடிப்படை வினாக்களுள் ஒன்று. அதற்கு எடுத்துக்காட்டுத் தேடி நாம் நெடுந்தொலைவு செல்ல வேண்டியதில்லை. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அவ்வினாவுக்கு விடை கண்ட இடங்களுள் நெகிரி செம்பிலானும் ஒன்று. அவ்விடையில் தோட்டத் தமிழரின் சோற்றுப் பானைக்கும் பங்குண்டு.

அந்நாளில் மலாய் நாட்டின் ஈயச் சுரங்கங்களிலும் சிறைகளிலும் பெரிபெரி என்னும் நோய் பல்லாயிரம் உயிர்களைக் கொண்டது. கால்கள் மரத்து வலுவிழக்கும், உடல் வீங்கும், இறுதியில் இதயம் தளரும். நோயுற்றோருள் மிகப் பெரும்பாலோர் சீனத் தொழிலாளர். தோட்டங்களில் உழைத்த தமிழரிடையே அது அரிதாகவே காணப்பட்டது. தம் நெல்லைத் தாமே குத்தி உண்ட மலாய்க் கிராமத்தாரிடையேயும் அவ்வாறே.

இவ்வேற்றுமையை இனத்தின் இயல்பென்று கூறி நிறுத்தியிருக்கலாம். நெகிரி செம்பிலானின் அரசு மருத்துவராயிருந்த பிராடன் அவ்வாறு நிறுத்தவில்லை. அவர் ஒவ்வொரு மக்களும் உண்ட அரிசியை நோக்கினார். சீனர் உண்டது ஆலையில் தீட்டி வெளுத்த சயாம் பச்சரிசி; தமிழர் உண்டது புழுங்கலரிசி. நோயின் வேர் அரிசியிலேயே உள்ளது என்று 1907இல் வெளிவந்த தம் நூலில் அவர் வாதிட்டார். பழைய பச்சரிசியில் ஒரு நஞ்சு உண்டாகிறது என்று அவர் கருதியது தவறு. ஆயினும் அவர் சுட்டிய திசை சரியானதே.

1905இல் கோலாலம்பூர் மனநல மருத்துவமனையில் பிளெட்சர் என்னும் மருத்துவர் நோயாளிகளை இரு பிரிவாக்கி, ஒரு பிரிவுக்குப் பச்சரிசியும் மற்றதற்குப் புழுங்கலரிசியும் அளித்தார். முதற் பிரிவில் 18 பேர் பெரிபெரியால் இறந்தனர். இரண்டாம் பிரிவில் ஒருவரும் இறக்கவில்லை. பின்னர், கோலாலம்பூர் மருத்துவ ஆய்வுக் கழகத்தைச் சேர்ந்த பிரேசரும் ஸ்டான்டனும் 1907இல் நெகிரி செம்பிலானின் ஜெலுபு வட்டாரத்துக் காட்டுக்குச் சென்றனர். அங்குச் சாலை அமைத்துக்கொண்டிருந்த சாவகத் தொழிலாளர் சுமார் 300 பேர் இரு கூட்டமாகப் பிரிக்கப்பட்டனர். பச்சரிசி உண்டோரிடையே நோய் தோன்றியது. புழுங்கலரிசி உண்டோர் நலமாயிருந்தனர். உணவை மாற்றியபோது நோயும் இடம் மாறியது. ஒப்பந்தத்தால் கட்டுண்ட தொழிலாளரையும் மனநோயாளரையும் இவ்வாறு ஆய்வுக்கு உட்படுத்துவதை இன்றைய மருத்துவ அறம் ஏற்காது. அவர்கள் உடலால் கொடுத்த விலையையும் இவ்வரலாற்றோடு சேர்த்தே நாம் கற்பிக்க வேண்டும்.

காரணம் பின்னரே முழுமையாய் விளங்கிற்று. பச்சரிசியைத் தீட்டும்போது தவிட்டோடு தயமின் என்னும் உயிர்ச்சத்தும் போய்விடுகிறது. நெல்லை ஊறவைத்து அவிக்கும்போதோ அச்சத்து அரிசியின் உள்ளே இறங்கித் தங்குகிறது. 1910இல் மணிலாவில் கூடிய கீழ்த்திசை வெப்பமண்டல மருத்துவ மாநாடு, தீட்டிய அரிசியையே முதன்மை உணவாய்க் கொள்வதோடு பெரிபெரி தொடர்புடையது என ஏற்றது. 1926இல் சாவகத்தின் பத்தாவியாவில் அச்சத்து பளிங்கு வடிவில் பிரித்தெடுக்கப்பட்டது.

நம் முன்னோர் மருந்தென்று எண்ணி நெல்லை அவிக்கவில்லை. அவித்த நெல் குத்தும்போது அதிகம் நொறுங்காது. அரிசியும் நெடுநாள் கெடாது. அப்பயன் கருதிய வழக்கம் கடல் கடந்த மண்ணில் உயிர் காத்தது. ஆனால் இதனைப் பெருமையாக மட்டும் பேசுதல் நிறைவாகாது. பெரிபெரிக்குத் தப்பிய அதே தமிழர், தோட்ட லயங்களில் மலேரியாவுக்கும் கொக்கிப் புழுவுக்கும் பெருந்தொகையாய் இரையாயினர். ரப்பருக்காகக் குன்றுகளின் காடழித்தபோது வெயில் பட்ட தெளிந்த ஓடைகளில் மலேரியாக் கொசு பெருகியது. கழிப்பிடமும் காலணியும் இல்லாத இடத்தில் கொக்கிப் புழு பரவியது. உணவு அவர்கள் வழக்கத்தில் இருந்தது. வடிகாலும் வீடும் முதலாளியின் கையில் இருந்தன. எங்கே பிறந்தார் என்பதைவிட எதை உண்டார், எங்கே தங்கவைக்கப்பட்டார் என்பதே அவர் வாழ்நாளை அளந்தது.

இன்று மலேசிய இந்தியரிடையே நீரிழிவு மிகுந்திருப்பதைத் தேசிய நலவாழ்வு ஆய்வுகள் காட்டுகின்றன. பிறப்புவழிக் காரணங்கள் இதில் இல்லாமலில்லை. எனினும் “அது நம் இனத்து நோய்” என்று சொல்லி அமைதல், அன்று பெரிபெரியைச் சீனரின் இயல்பென்று சொல்லி விட்டுவிடுவதற்கு ஒப்பாகும். தோட்டம் விட்டு நகரின் அடுக்ககங்களுக்குப் பெயர்ந்த குடும்பம் என்ன உண்கிறது, எவ்வளவு ஊதியத்தில் உண்கிறது, உடலுழைப்புக்கு மாற்றாக அதற்கு என்ன வாய்த்தது, கிளினிக் எவ்வளவு தொலைவு என்று மாணவர்கள் கேட்கப் பழக வேண்டும். இனத்தின் பெயரோடு நின்றுவிடாமல் பானைக்குள் பார்த்ததே நெகிரி செம்பிலான் மருத்துவர் செய்த நற்பணி. நாம் தொடர வேண்டியதும் அதுவே.