அஃபிலியேட் லிங்க் பிறந்த கதை

அந்தியூர் பஸ் ஸ்டாண்டில் காலையில் ஈரோட்டுக்கும் கோபிக்கும் பவானிக்கும் காலேஜ் போகக் காத்திருக்கும் பிள்ளைகளிடம் பேச்சுக் கொடுத்தால், அஃபிலியேட் மார்க்கெட்டிங் என்ற பெயரைக் கேட்டிராதவர்கள் குறைவு. அமேசானில் ஒரு பொருளுக்கு லிங்க் எடுத்துத் தன் யூடியூப் சேனலில் போட வேண்டியது. அதைத் தொட்டு உள்ளே போய் யாராவது வாங்கினால் நமக்கு ஒரு பங்கு. கடை வேண்டாம், முதல் வேண்டாம், சரக்கு வாங்கி அடுக்க வேண்டாம். மெஸ் பில்லுக்கும் ரீசார்ஜுக்கும் வீட்டில் கை நீட்டக் கூடாது என்று நினைக்கிற பிள்ளைக்கு இது பெரிய செய்திதான். அந்த நினைப்பை நான் மதிக்கிறேன். அதனால்தான் இந்தத் தொழில் எங்கே, யாரால், எந்தத் தேவைக்காகப் பிறந்தது என்று அவர்களுக்குச் சொல்ல விரும்புகிறேன். பிறந்த கதை தெரிந்தால், இதில் எது உழைப்பு, எது வெறும் ஆசைகாட்டல் என்று பிரித்துப் பார்க்க வரும்.

கதை ஒரு பூக்கடையில் தொடங்குகிறது. வில்லியம் டோபின் என்ற அமெரிக்கர் 1989ல் 'பி.சி. ஃபிளவர்ஸ் அண்ட் கிஃப்ட்ஸ்' என்ற கடையை புரோடிஜி என்ற கணினிச் சேவைக்குள் திறந்தார். நாம் இன்று பார்க்கும் வெப்சைட்டுகள் அப்போது கிடையாது. ஐ.பி.எம்., சியர்ஸ் நிறுவனங்கள் கூட்டாக நடத்திய புரோடிஜிக்குச் சந்தா கட்டி, டெலிபோன் கம்பி வழியாகக் கணினியை இணைத்து, திரையிலேயே பூங்கொத்துக்கு ஆர்டர் கொடுப்பார்கள். 1993ல் அந்தக் கடையின் ஆண்டு விற்பனை 60 லட்சம் டாலரைத் தாண்டிவிட்டது. அடுத்த ஆண்டு ஐ.பி.எம். துணையோடு கடையை இணையத்தில் சோதனையாக வைத்தார் டோபின். 1995ல் அவருக்கு ஆள் அனுப்பிவைக்கும் கூட்டாளித் தளங்கள் 2,600 இருந்தன. விற்றால் பங்கு, விற்காவிட்டால் ஒன்றும் இல்லை என்பதே ஏற்பாடு. இந்த முறைக்குக் காப்புரிமை கேட்டு 1996 ஜனவரி 22ல் விண்ணப்பித்தார். 2000 அக்டோபர் 31ல் கிடைத்தது.

ஆனால் அந்தியூர் மாணவருக்கு டோபினைவிட நெருக்கமானவர்கள் ஜேசன் ஓலிம், மேத்யூ ஓலிம் என்ற இரட்டைச் சகோதரர்கள் என்பேன். பென்சில்வேனியாவில் பெற்றோர் வீட்டு அடித்தளத்தில் 1994ல் 'சி.டி. நவ்' என்ற இசைத்தட்டுக் கடையை இணையத்தில் தொடங்கியவர்கள். ஜாஸ் கலைஞர் மைல்ஸ் டேவிஸின் ஆல்பம் ஒன்றைக் கேட்டு மயங்கிய ஜேசன், இதே போல அடுத்து எதை வாங்கிக் கேட்கலாம் என்று கடையில் விசாரித்தார். அங்கே சொல்லத் தெரிந்தவர் யாரும் இல்லை. அந்தக் குறைதான் அவரைக் கடை போட வைத்தது. அதே ஆண்டின் பிற்பகுதியில் ஜெஃபன் ரெக்கார்ட்ஸ் என்ற இசை நிறுவனம் தன் கலைஞர்களின் சி.டி.க்களைத் தன் தளத்திலிருந்தே விற்க விரும்பியது. ஆனால் பணம் வாங்குவது, பார்சல் அனுப்புவது போன்ற வேலைகளைத் தலையில் ஏற்றிக்கொள்ள அதற்கு மனமில்லை. சி.டி. நவ்வோடு பேச்சு நடந்தது. பேச்சிலிருந்து 1994 நவம்பரில் 'பைவெப்' என்ற திட்டம் வெளிவந்தது. இசையைப் பற்றி எழுதும் எந்தத் தளமும் ஓர் ஆல்பத்துக்கு விமர்சனம் எழுதி, பக்கத்திலேயே வாங்குவதற்கான லிங்க்கை வைக்கலாம்; விற்றால் பங்கு.

இந்த இடத்தைக் கவனமாகப் பார்க்க வேண்டும். பைவெப் திட்டம் தேடியது, இசையைக் கேட்டுக் கேட்டு ஊறி, 'இதை வாங்கு, அதை விடு' என்று சொல்லத் தெரிந்த ஆட்களை. லிங்க் அவர்களுடைய எழுத்துக்குப் பிறகு வந்த ஒட்டு.

அந்தியூர்க்காரருக்கு இதை விளக்க வெளியே போக வேண்டியதில்லை. ஆடி மாதம் புதுப்பாளையம் குருநாதசாமி கோயில் திருவிழாவை ஒட்டிக் கூடும் குதிரைச் சந்தை, மாட்டுச் சந்தைக்குள் ஒரு நடை போனால் போதும். தரகர் தோளில் கிடக்கும் துண்டை எடுத்து விற்பவர் கைமேல் போடுவார். துண்டுக்கு அடியில் விரல்களைப் பிடித்து அழுத்துவார். ஒரு விரல் என்றால் ஒரு கணக்கு, நாலு விரல் சேர்த்துப் பிடித்தால் வேறொன்று. சுற்றி நிற்பவர்களுக்கு விலை தெரியாது. தலையசைப்பு மட்டும் தெரியும். அந்தக் குதிரையும் மாடும் தரகருக்குச் சொந்தமில்லை. ஆனாலும் அவருக்குத் தரகு கிடைக்கிறது. காரணம், அவருக்குப் பல்லைப் பிடித்துப் பார்த்து வயசு சொல்லத் தெரியும், சுழி பார்க்கத் தெரியும், நடக்கவிட்டுக் காலில் குறை இருக்கிறதா என்று சொல்லத் தெரியும். போன வருசம் அவர் பேச்சைக் கேட்டு வாங்கியவர் இந்த வருசமும் அவரைத் தேடி வருகிறார்.

சந்தையில் யார் ஆளைக் கூட்டிவந்தது என்பதில் சண்டை வராது. எல்லோரும் கண்ணால் பார்க்கிறார்கள். இணையத்தில் அந்தச் சாட்சிக்கு எங்கே போவது? கோவையில் உட்கார்ந்து ஒருவர் வாங்குகிறார், அந்தியூரில் ஒருவர் எழுதியதைப் படித்துத்தான் வாங்கினார் என்று கடைக்காரருக்கு எப்படித் தெரியும்? இந்தக் கேள்விக்கு விடை கிடைத்த பிறகுதான் அஃபிலியேட் தொழில் உண்மையில் நிற்கக் கற்றுக்கொண்டது. விடையின் ஒரு பாதி லிங்க்கின் வாலில் இருக்கிறது. அமேசான் லிங்க் ஒன்றைப் பிரித்துப் பாருங்கள்: பொருளின் எண்ணுக்குப் பிறகு 'டேக்' என்ற சொல், ஒரு சமக்குறி, அதையடுத்து நாம் வைத்துக்கொண்ட அடையாளப் பெயர், இந்தியக் கணக்காக இருந்தால் அது 21 என்ற எண்ணில் முடியும். அந்தச் சின்ன வால்தான் 'இந்த ஆளை அனுப்பியது இவர்' என்று கடைக்குச் சொல்கிறது. மறுபாதி, குக்கீ. 1994ல் நெட்ஸ்கேப் நிறுவனத்தில் லூ மொன்டுல்லி என்ற இளம் பொறியாளர் உருவாக்கியது. வந்தவர் யார் என்பதை அந்தக் காலத்து வெப்சைட்டுகளால் நினைவில் வைத்துக்கொள்ள முடியவில்லை. வாங்குவதற்காகக் கூடையில் போட்ட பொருள் அடுத்த பக்கம் போனால் மறந்துபோகும். அதற்கு மருந்தாக, வந்தவருடைய கணினியிலேயே ஒரு சிறு குறிப்பை எழுதி வைக்கும் வழி அது. அந்தக் குறிப்புதான் பின்னாளில் அஃபிலியேட்டுக்குச் சாட்சியானது. சாட்சிக்குக் கெடுவும் உண்டு. அமேசானில் அது 24 மணி நேரம். அதற்குள் பொருளைக் கூடையில் போடாமல் நாளை மறுநாள் வந்து வாங்கினால் பங்கு இல்லை.

1996 ஜூலையில் அமேசான் தன் 'அசோசியேட்ஸ்' திட்டத்தைத் தொடங்கியது. ஒரு விருந்தில் விவாகரத்துப் புத்தகங்களைத் தன் தளத்தில் விற்க ஆசைப்பட்ட பெண்மணி ஒருவர் ஜெஃப் பெசோஸிடம் கேட்க, அதிலிருந்து பிறந்தது என்று ஒரு கதை இன்றும் சொல்லப்படுகிறது. கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் பூக்கடையும் இசைக்கடையும் அதற்கு முன்பே இதைச் செய்துவிட்டன. அமேசான் செய்தது, சிறு தளம் வைத்திருந்த சாதாரண ஆளுக்கும் கதவைத் திறந்துவிட்டது. 2000 பிப்ரவரியில் அமேசானும் தன் முறைக்குக் காப்புரிமை வாங்கியது. பல கடைகளையும் பல தளங்களையும் இணைத்துக் கணக்கு வைக்கும் இடைநிலை நிறுவனங்களும் வந்தன: லிங்க்ஷேர் 1996ல், கமிஷன் ஜங்ஷன் 1998ல்.

இந்தியாவுக்கு அமேசான் 2013 ஜூனில் வந்தது. 2016 செப்டம்பரில் ஜியோ வந்து டேட்டா மலிவானது. 2018 பிப்ரவரியில் கூகுளின் விளம்பரச் சேவையான ஆட்சென்ஸ் தமிழை ஏற்றது. அதன் பிறகுதான் தமிழில் எழுதியும் பேசியும் இணையத்தில் சம்பாதிக்கலாம் என்ற பேச்சு அந்தியூர் போன்ற ஊர்களுக்கு வந்து சேர்ந்தது.

இப்போது கணக்குக்கு வருவோம். ஒரு பொருள் 1,000 ரூபாய், பங்கு 5 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். ஒரு விற்பனைக்கு 50 ரூபாய். மாதம் 5,000 ரூபாய் வேண்டுமானால் 100 விற்பனை. லிங்க்கைத் தொடுகிற 100 பேரில் 2 பேர் வாங்குகிறார்கள் என்றால் 5,000 பேர் தொட வேண்டும். படிப்பவர்களில் 100க்கு 5 பேர்தான் தொடுவார்கள் என்றால், ஒரு லட்சம் பேர் படித்தாகவோ பார்த்தாகவோ வேண்டும். சித்தப்பாவிடமும் மாமாவிடமும் லிங்க் கொடுத்து வாங்கச் சொல்லி இதைச் சமாளிக்க முடியாது. சொந்தத் தேவைக்குத் தன் லிங்க்கிலேயே வாங்குவதை அமேசான் கணக்கில் எடுப்பதில்லை. சேர்ந்த 180 நாளுக்குள் 3 தகுதியான விற்பனை வராவிட்டால் கணக்கையே மூடிவிடும்.

ஒரு லட்சம் பேரை எப்படி வரவைப்பது? செல்போன் விமர்சனத்தில் ஏற்கெனவே பெரிய சேனல்கள் உட்கார்ந்திருக்கின்றன. அங்கே போய் முட்டுவதில் பயன் இல்லை என்பது என் முடிவு. நம் பிள்ளைக்கு வேறு கல்வி இருக்கிறது. தோட்டத்தில் மருந்தடிக்கும் பேட்டரி ஸ்பிரேயரை எடுத்துக்கொள்ளுங்கள். 16 லிட்டர் டேங்க் நிறைந்தால் தண்ணீர் மட்டுமே 16 கிலோ. மிஷினின் எடை தனி. அதை முதுகில் மாட்டி மஞ்சள் காட்டில் பாத்திக்குப் பாத்தி நடந்தால் வார்ப்பட்டை தோளை எந்த இடத்தில் அறுக்கிறது, ஒரு சார்ஜுக்கு எத்தனை டேங்க் அடிக்கிறது, நாசில் அடைத்தால் எப்படிக் கழற்றுவது, உள்ளூரில் வாஷர் கிடைக்கிறதா என்பதெல்லாம் அப்பாவோடு காட்டுக்குப் போன பிள்ளைக்குத் தெரியும். வாங்க நினைக்கும் விவசாயி தேடுவது இந்த விவரத்தைத்தான். சென்னையில் அட்டைப்பெட்டியைப் பிரித்துக் காட்டுகிறவரால் இதைச் சொல்ல முடியாது. சொட்டுநீர்ப் பாசனச் சாமான், களையெடுக்கும் மிஷின், வெற்றிலைக் கொடிக்காலுக்கு வேண்டிய கருவிகள் என்று அந்தியூர் வட்டாரத்துக்குத் தெரிந்த உலகம் பெரியது. நாலு மாதம் பயன்படுத்திப் பார்த்து, குறையையும் சேர்த்துச் சொல்கிற ஒரு வீடியோ, 'டாப் 10' என்று நூறு லிங்க் போடுவதைவிட வலுவானது என்று நம்புகிறேன்.

சொல்லும்போது மறைக்கக் கூடாத ஒன்று உண்டு. இந்த லிங்க்கில் வாங்கினால் எனக்குப் பங்கு வரும் என்பதைப் பார்ப்பவரிடம் சொல்லியாக வேண்டும். நுகர்வோர் விவகாரத் துறை 2023 ஜனவரியில் வெளியிட்ட வழிகாட்டுதல், பொருளைப் பரிந்துரைக்கும் அதே மொழியில் அதைத் தெளிவாக அறிவிக்கச் சொல்கிறது. தமிழில் பேசினால் தமிழில்தான் சொல்ல வேண்டும். தவறாக வழிநடத்தும் விளம்பரத்துக்கு 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் 10 லட்சம் ரூபாய் வரை அபராதம் உண்டு. பான் கார்டும் வேண்டும்; தரகு வருமானத்தில் டி.டி.எஸ். பிடிப்பார்கள். பான் கொடுக்காவிட்டால் பிடித்தம் 20 சதவீதம். ஆண்டு வருமானம் வரி வரம்புக்குள் இருந்தால் ரிட்டர்ன் போட்டுப் பிடித்ததைத் திரும்ப வாங்கலாம்.

மனதை உறுத்துவது வேறு. இன்று அஃபிலியேட் என்ற பெயரைச் சொல்லிப் பிள்ளைகளிடம் வருகிறவர்களில் பலர் பொருளை விற்பதில்லை. 'கோர்ஸ் வாங்கு, அதே கோர்ஸை இன்னும் நாலு பேருக்கு விற்றால் உனக்குக் கமிஷன்' என்கிறார்கள். வாடகைக் காரின் முன் நின்று எடுத்த போட்டோவும், வங்கிக் கணக்கு ஸ்கிரீன்ஷாட்டும் சாட்சி. அம்மாவிடம் நகையை அடகு வைக்கச் சொல்லிப் பணம் கட்டும் பிள்ளைகள் இருக்கிறார்கள். நம் மாவட்டத்துக்கு இது புதிது இல்லை. 2012ல் பெருந்துறையில் ஈமு கோழி நிறுவனங்கள் சரிந்தபோது முதலீட்டைத் தொலைத்து நின்ற குடும்பங்களை நாம் பார்த்தோம். ஆள் சேர்த்தால் பணம் என்ற சுழற்சித் திட்டங்களை 1978லேயே சட்டம் போட்டுத் தடைசெய்துவிட்டது இந்த நாடு. 2021 டிசம்பரில் வந்த நேரடி விற்பனை விதிகள் பிரமிட் திட்டங்களை மறுபடியும் தடுத்தன. சேருவதற்குக் கட்டணம் வாங்கவும் தடை போட்டன.

ஆகவே தம்பி, தங்கச்சிகளே, ஒன்றைக் கேட்டுக்கொள்கிறேன். அமேசான் அசோசியேட்ஸில் சேர ஒரு ரூபாயும் கட்ட வேண்டியதில்லை. சேர்த்துவிடுகிறேன், கற்றுத்தருகிறேன், முதலில் பணம் கட்டு என்று யார் சொன்னாலும், அவர் உங்கள் சீனியராகவே இருந்தாலும், கட்டாதீர்கள். ஏற்கெனவே கட்டி ஏமாந்திருந்தால் வெட்கப்பட்டு மறைக்காமல் வீட்டில் சொல்லிவிட்டு, 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணுக்கு அன்றைக்கே கூப்பிடுங்கள்.